மும்மடங்கு ஃபண்டும் ஓய்வுக்காலப் பணமும்: உங்களுக்கு என்ன நடந்தது?

மும்மடங்குப் பயணி:

லீவரேஜ் இண்டெக்ஸ் ஃபண்டை, அதாவது ஒரு சந்தைக் குறியீடு (இண்டெக்ஸ்) ஒரு நாளில் நகர்வதை இரண்டு, மூன்று மடங்காக்கும் ஃபண்டை, ஓய்வுக்காலக் கணக்கில் வைத்திருப்பவர்கள், வைத்திருந்தவர்கள், வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் எழுதலாம். லாபக் கதைகள் நிறையக் கேட்டாயிற்று. எவ்வளவு போட்டீர்கள், என்ன விதி வைத்திருந்தீர்கள், அதை எப்போது மீறினீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

2019-இல் ஆரம்பித்தேன். ரோத் ஐஆர்ஏ கணக்கு, வரி கட்டிய பணத்தைப் போட்டு ஓய்வுக்காலத்தில் வரியில்லாமல் எடுக்கும் அமெரிக்கக் கணக்கு. அதில் 55 சதவீதம் யூப்ரோ, அதாவது எஸ் அண்ட் பி 500 (பெரிய அமெரிக்க நிறுவனப் பங்குகளின் குறியீடு) ஒரு நாளில் நகர்வதைப் போல மூன்று மடங்கு நகரும் ஃபண்ட். மீதி 45 சதவீதம் டிஎம்எஃப், அது 20 வருடத்துக்கு மேற்பட்ட அமெரிக்க அரசு பாண்டுகளின் (கடன் பத்திரங்களின்) தினசரி நகர்வுக்கு மூன்று மடங்கு. பங்கு விழுந்தால் பாண்டு தாங்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீபேலன்ஸ் செய்தால், அதாவது மீண்டும் 55-க்கு 45 என்று சரிசெய்தால் போதும் என்பதுதான் கணக்கு. 2020-இல் பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை எஸ் அண்ட் பி 34 சதவீதம் விழுந்தபோது யூப்ரோ முக்கால் பங்குக்கு மேல் காலி. ஆனால் டிஎம்எஃப் ஏறியது, ஏறியதை விற்று விழுந்ததை வாங்கினேன், அடுத்த ஒன்றரை வருடம் சந்தை என்னைத் தூக்கிக்கொண்டு போனது. நான் புத்திசாலி என்று நானே நம்ப ஆரம்பித்தது அப்போதுதான்.

2021 டிசம்பர் கடைசியில் கணக்கில் 40,000 டாலர் இருந்தது. 2022-இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்ற ஆரம்பித்ததும் பங்கும் விழுந்தது, பாண்டும் விழுந்தது. தாங்க வேண்டியதே முதலில் சாய்ந்தால் என்ன செய்வது என்று என் விதியில் ஒரு வரிகூட இல்லை. ஏப்ரலில் ரீபேலன்ஸ் செய்தேன், ஜூலையில் செய்தேன், இரண்டுமே கீழே போய்க்கொண்டிருந்தவை. அக்டோபரில் என்னால் முடியவில்லை. இரண்டு வாரம் தூக்கம் கெட்டபின், கணக்கு 11,000-ஐச் சுற்றி நின்றபோது எல்லாவற்றையும் விற்றுச் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாறினேன். விரிதாளின் உச்சியில் சிவப்பு எழுத்தில் ‘எதற்கும் கை வைக்காதே’ என்று நானே எழுதி வைத்திருந்தேன், அந்த விரிதாளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் விற்றேன். அடுத்த வருடம் யூப்ரோ 60 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை (நான் கேட்கவும் இல்லை). ரோத் கணக்கில் வரும் நஷ்டத்தை வரியில் கழிக்க முடியாது, பணம் போடும் வரம்பில் போன இடமும் திரும்பக் கிடைக்காது. அப்போது என் வயதுக்கு வருட வரம்பு 6,000 டாலர். 29,000 போனது என்றால் ஏறக்குறைய ஐந்து வருட இடம் போய்விட்டது என்று அர்த்தம்.

சராசரிக்காரி:

அண்ணா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. என் கதை கொஞ்சம் மந்தமானது, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் இரண்டு மடங்கோடு நின்றுகொண்டேன், எஸ்எஸ்ஓ, அதாவது எஸ் அண்ட் பி 500-இன் தினசரி இரண்டு மடங்கு ஃபண்ட். மொத்த ஓய்வுக்காலச் சேமிப்பில் 10 சதவீதம் மட்டும். அதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. இண்டெக்ஸ் 100-இல் இருந்து 90-க்கு விழுந்து மறுநாளே மீண்டும் 100-க்கு வந்துவிடுகிறது என்று வையுங்கள். மும்மடங்கு ஃபண்ட் முதல் நாள் 70 ஆகும். இண்டெக்ஸ் மறுநாள் ஏறியது 11.1 சதவீதம், அதன் மூன்று மடங்கு 33.3. 70-க்கு 33.3 சதவீதம் கூட்டினால் 93.3. இண்டெக்ஸ் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, ஃபண்டில் 6.7 காணோம், யாரும் திருடவும் இல்லை. தினமும் மடங்கைப் புதிதாகச் சரிசெய்வதால் வரும் வினை இது. இரண்டு மடங்கில் இதே கணக்கைப் போட்டால் 97.8 வரும். இதைப் பார்த்தபின் மூன்றாவது மடங்கு மேல் எனக்கு ஆசையே வரவில்லை.

விதி என்னவென்றால், எஸ் அண்ட் பி தன் 200 நாள் சராசரிக்கு (கடைசி 200 நாள் முடிவுகளின் சராசரிக்கு) கீழே முடிந்தால் விற்றுக் குறுகிய கால அரசுப் பத்திரத்துக்குப் போவது, மேலே வந்தால் திரும்புவது. 2020 பிப்ரவரி கடைசியில் வெளியே வந்தேன், மே கடைசியில்தான் உள்ளே போனேன், விற்ற விலையைவிடச் சற்று அதிகம் கொடுத்து. அதனால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் இருந்த அந்த மார்ச்சை நான் வேடிக்கை மட்டும் பார்த்தேன். எனக்கு அதுவே போதும்.

2022 வேறு மாதிரி. மார்ச் கடைசியில் உள்ளே, ஏப்ரலில் வெளியே. நவம்பர் 30 அன்று மறுபடி மேலே வந்தது, உள்ளே போனேன், டிசம்பர் முதல் வாரத்திலேயே வெளியே. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக்கொண்டு போனது. வரி இல்லாத கணக்கு என்பதால் தப்பித்தேன், சாதாரணக் கணக்கில் இப்படிப் புகுந்து புறப்பட்டால் வரிக்கே தனியாக அழ வேண்டும். இந்த விதி லாபம் தரும் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். வீழ்ச்சியின் அடிவரை போகாமல் காக்கும், அதற்கு இப்படிச் சில்லறை சில்லறையாகக் கூலி வாங்கும்.

பத்து வருடம் பாக்கி:

எல்லோரும் தினசரி மடங்கால் வரும் இந்தத் தேய்மானத்தையே சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள். ஒரே திசையில் ஏறும் சந்தையில் கணக்கு நேர்மாறு. தினம் 1 சதவீதமாகப் பத்து நாள் ஏறினால் இண்டெக்ஸுக்கு 10.5, மும்மடங்கு ஃபண்டுக்கு 34.4. மூன்றால் பெருக்கியதைவிட அதிகம். நான் டிகியூகியூகியூ (நாஸ்டாக் 100 என்ற, பெரும்பாலும் தொழில்நுட்பப் பங்குகள் கொண்ட குறியீட்டின் தினசரி மும்மடங்கு ஃபண்ட்) வைத்திருக்கிறேன், இன்னும் விற்கவில்லை. 2023-இல் ஏறக்குறைய மூன்று மடங்கானது, அதையும் சொல்லுங்கள்.

சராசரிக்காரி:

சொல்லலாமே, முந்தைய வருடத்தையும் சேர்த்துச் சொல்லுவோம். 2022-இல் நாஸ்டாக் 100 மூன்றில் ஒரு பங்கு விழுந்தது, டிகியூகியூகியூ 79 சதவீதம். 2023 முடிவில் சாதாரண நாஸ்டாக் 100 ஃபண்ட் வைத்திருந்தவர் 2022 தொடக்கத்தில் இருந்த இடத்தைத் தாண்டிவிட்டார். உங்கள் ஃபண்ட் அத்தனை ஏறியும் 100-க்கு 62-இல் நின்றது. தம்பி, எத்தனை சதவீதம் போட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை.

பத்து வருடம் பாக்கி:

5 சதவீதம்தான் அக்கா. வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். 5-ஐத் தாண்டி வளர்ந்திருந்தால் தாண்டியதை வெட்டி மற்ற பணத்தோடு சேர்ப்பேன். குறைந்திருந்தால் நிரப்புவதில்லை. 2022-இல் அது 1.5 ஆகிப்போனது, அப்படியே விட்டுவிட்டேன். அதனால்தான் தைரியமாகப் பேசுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்ந்த கை:

உங்கள் எல்லோரையும்விட நான் மூத்தவன். எஸ்எஸ்ஓ 2006-இல் வந்தது, 2007-இல் வாங்கிவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது, சேமிப்பு போதாது என்று தோன்றியது, குறுக்குவழி தெரிந்தது, போய்விட்டேன். இளைஞர்கள் அவசரக்காரர்கள் என்பார்கள். நேரம் குறைந்த வயதானவனின் அவசரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை எஸ் அண்ட் பி 57 சதவீதம் விழுந்தது. இரண்டு மடங்கு என்றால் 114 விழ முடியாதே, பிழைத்துவிடும் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். பிழைத்தது, ஏறக்குறைய 15 சதவீதம் மிச்சத்தோடு. என் சேமிப்பில் பாதிதான் அதில் இருந்தது என்பதால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சம்பாதிக்கிற வயதில் விழுந்தால் மாதா மாதம் போடும் பணம் மலிவு விலையில் வாங்கும். யேல் பல்கலைக்கழகத்தின் இயன் அய்ரஸ், பேரி நேல்பஃப் என்ற இருவர் இளம் வயதில் இரண்டு மடங்குவரை லீவரேஜ் எடுக்கலாம் என்று வாதாடுவதும் இதனால்தான், இனி வரப்போகும் சம்பளமே ஒரு பாண்டு மாதிரி என்பார்கள். வயதாக ஆக அதைக் குறைக்கச் சொல்வதும் அவர்கள்தான். எடுத்துச் செலவழிக்கிற வயதில் கணக்கு தலைகீழ். ஃபண்டு 100-ஆக இருந்தபோது வருடம் 4 எடுப்பதாகத் திட்டம், அது 15 ஆனபின் அதே 4 எடுத்தால் மிச்சத்தில் கால் பங்குக்கு மேல் ஒரே வருடத்தில் போய்விடும். அதன்பின் சந்தை ஏறினால் என்ன, ஏறுவதற்கு உள்ளே எதுவும் இருக்காது. நான் எடுக்கவில்லை, கூடுதலாக நான்கு வருடம் வேலை பார்த்தேன். முதலாளிக்குச் சந்தோஷம்.

அப்புறம் ஒரு விஷயம், செலவு விகிதம், அதாவது ஃபண்ட் வருடத்துக்கு எடுக்கும் கட்டணம், 0.9 சதவீதம்தானே என்று யாரும் ஏமாற வேண்டாம். மும்மடங்கு ஃபண்ட் உங்கள் ஒவ்வொரு டாலருக்கும் ஸ்வாப் (வங்கிகளோடு போடும் ஒப்பந்தம்) வழியாக இன்னும் இரண்டு டாலர் கடன் வாங்கியது போலத்தான். வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்தவரை அது தெரியவில்லை. 2023 ஜூலையில் அமெரிக்கக் குறுகிய கால வட்டி 5.25 முதல் 5.50 ஆனது, இரண்டு டாலருக்கு அந்த வட்டி என்றால் அப்போது வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் என்ற வேகத்தில் சத்தமில்லாமல் கழிந்தது. தம்பிகள் காட்டுகிற பழைய வரைபடங்களில் பல வட்டி மிகக் குறைவாக இருந்த வருடங்களில் போட்டவை.

மும்மடங்குப் பயணி:

வட்டியை நானும் சேர்க்கவே இல்லை ஐயா. இப்போது என்டிஎஸ்எக்ஸ் என்ற ஃபண்ட் மாதிரி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 90 பங்கு, 60 அரசு பாண்டு ஃப்யூச்சர்ஸ் (முழுப் பணமும் கட்டாமல் போடும் முன்பேர ஒப்பந்தம்), மொத்தம் ஒன்றரை மடங்கு. அதுவும் 2022-இல் கால் பங்கு அளவுக்கு விழுந்தது, தெரியும். ஆனால் கால் பங்கு விழுந்தால் நான் விற்க மாட்டேன் என்று என்னைப் பற்றி இப்போது ஓரளவு தெரியும், 2020 மார்ச்சில் வேறு கணக்கில் இருந்த என் சாதாரண ஃபண்டுகள் அதைவிட விழுந்தும் தொடவில்லை. முக்கால் பங்கு விழுந்தால் விற்றுவிடுவேன் என்பதும் தெரிந்துவிட்டது, 29,000 டாலர் கட்டணம். நீங்கள் மிச்சமிருந்த எஸ்எஸ்ஓவை என்ன செய்தீர்கள்?

ஓய்ந்த கை:

2013 வரை வைத்திருந்து விற்றேன். வீட்டம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன், கேட்டதில்லை.