பேனா கடைசலில் ஒரு பக்கம் மட்டும் மெலிகிறது, யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். சின்ன மர லேத் ஒன்று வாங்கி நான்கு மாதமாகப் பேனா கடைந்து பழகுகிறேன். 7 மி.மீ. பித்தளைக் குழாய் போடும் ஸ்லிம்லைன் கிட்தான் (மெல்லிய பேனாவுக்கான பாகங்களின் தொகுப்பு). இதுவரை ஒன்பது பேனா; பிறர் கையில் கொடுக்கும்படி இருப்பது இரண்டு.

முதல் மூன்றில் மரத்தின் முனை சில்லு சில்லாகப் பெயர்ந்தது. உளியை நன்றாகச் சாணை பிடித்து, கடைசி ஒரு மில்லிமீட்டரை உப்புத்தாளாலேயே இறக்கியதும் அது நின்றுவிட்டது. துளை போடும்போது ஈட்டி மரம் சூடேறி விரிசல் விட்டது என் அவசரத்தால்தான்.

தீராதது இதுதான்: மரம் சரியான வட்டமாக வருவதில்லை. நடுவளையத்தருகே ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் நிற்கிறது. தடவினால் விரலில் படி தட்டுகிறது. மரத்துண்டுகளைக் கோத்துப் பிடிக்கும் தண்டான மேண்ட்ரலின் நட்டை ஸ்பானர் போட்டு முறுக்குவது என் வழக்கம். அதனால் தண்டு வளைகிறதா, இல்லை டெயில்ஸ்டாக்கை (லேத்தின் மறுமுனைத் தாங்கியை) அதிகம் அழுத்துகிறேனா? கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினால் தண்டு நேராகத்தான் உருள்கிறது! மேண்ட்ரல் இல்லாமல் இரண்டு சென்டர்களுக்கு (இரு முனையிலும் தாங்கும் கூர்முனைகளுக்கு) நடுவே கடைபவர்கள் இருந்தால், எந்தப் புஷ் (குழாய் முனையில் பொருத்தும் வளையம்) வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அப்புறம், சூப்பர் க்ளூ பூச்சு மழை நாளில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசுவதைத் தவிர வழி உண்டா?