எல்பிஜி டேங்க்கைக் கழற்றி வைத்து வெல்டிங்: சில சந்தேகங்கள்

பழைய சான்ட்ரோ கார், பின்னாளில் எல்பிஜி கிட் போட்டது. ஸ்டெப்னி குழியில் வட்ட டேங்க். குழியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை. தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். டேங்க்கை வண்டியில் வைத்துக்கொண்டு அந்த வேலைக்கு வாய்ப்பே இல்லை. இரண்டு வாரம் பெட்ரோலில் மட்டும் ஓடும்.

திட்டம் இது. கேஸ் முடிந்து பெட்ரோலுக்கு மாறும்வரை ஓட்டுவது. முள் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே ஆவி அழுத்தத்தோடுதான் இருக்கும். அதனால் மல்டிவால்வின் (டேங்க்கின் மேலுள்ள வால்வுத் தொகுதி) கைத்திருகை மூடி, கேஸிலேயே இன்ஜினை ஓடவிட்டு லைனைக் காலி செய்து, பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றுவது. எல்லாம் திறந்தவெளியில்தான், எல்பிஜி காற்றைவிடக் கனம், சர்வீஸ் குழிக்குள் இறங்கித் தேங்கும். கேஸ் ஈசியூவின் (கேஸ் கிட்டைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) சாக்கெட்டைப் பிடுங்கப் போவதில்லை, ஃபியூஸ் மட்டும். பல கிட்களில் பெட்ரோல் இன்ஜெக்டர் வயர் அதன் வழியாகவே போவதால், பிடுங்கினால் பெட்ரோலிலும் ஸ்டார்ட் ஆகாது.

கேள்விகள்:

செம்புக் குழாயின் நட்டுக்குள் கசியாமல் இறுக்கும் சிறு வளையமான ஃபெரூலைத் திரும்பப் போடலாமா, நுனியை வெட்டிப் புதிதாகத்தான் போட வேண்டுமா? வெட்டினால் நீளம் பத்துமா என்பதுதான் கவலை.

நிரப்பும் குழாய், இன்ஜின் குழாய் இரண்டின் வாயையும் எதைக் கொண்டு அடைப்பீர்கள்? டேப் சுற்றுவதில் நம்பிக்கையில்லை. மண் புகுந்தால் கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர் போய்விடும்.

கழற்றிய டேங்க்கை, மீதி ஆவியோடு, எங்கே வைப்பது? 5 வருடத்துக்கு ஒருமுறை செய்யும் ஹைட்ரோ டெஸ்ட்டும் (டேங்க்கின் நீர் அழுத்தச் சோதனை) நெருங்குகிறது. சென்னைப் பக்கம் டேங்க்கைத் தனியாக வாங்கி டெஸ்ட் செய்து தரும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.