ஞானப்பல் எடுக்கும் முன் சிபிசிடி ஸ்கேன் தேவையா?

தஞ்சை_நாயனம்:
கீழ்த்தாடையில் வலது ஞானப்பல் சாய்ந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வருஷம் மூன்று தடவை ஈறு வீங்கிவிட்டது. முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் வேர், கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு போகும் குழாய் மேலேயே நிற்கிறது. குழாயின் வெள்ளைக்கோடு அந்த இடத்தில் அறுந்து தெரிகிறது. டாக்டர் சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். நான் நாகஸ்வரம் வாசிப்பவன். ஊதும் சீவாளியைப் பிடிப்பதே உதடுதான், மரத்துப்போனால் பிழைப்பே போச்சு. ஸ்கேன் எடுத்தால் மரப்பு வராதா?

பல்_மருத்துவர்:
ஸ்கேன் எடுப்பதாலேயே ஆபத்து போய்விடாது ஐயா. ஓபிஜி தட்டையான படம். குழாய் கன்னப் பக்கமா, நாக்குப் பக்கமா, நடுவில் எலும்பு உண்டா என்பதெல்லாம் சிபிசிடியில்தான் தெரியும். வெள்ளைக்கோடு அறுந்திருப்பதால் உங்களுக்குத் தேவைதான். வேர் குழாயை ஒட்டியிருந்தால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி வேரை விட்டுவைக்கும் கொரோனெக்டமி பற்றிக் கேளுங்கள். நாக்கு நரம்பு சிபிசிடியிலும் தெரியாது; அதையும் விசாரியுங்கள்.

திருச்சி_அக்கா:
தம்பி, நான் ஓபிஜியோடு விட்டுவிட்டு ஞானப்பல்லை எடுத்துக்கொண்டேன். ஐந்து மாதம் டம்ளர் விளிம்பு உதட்டில் படுவதே தெரியவில்லை. காபி தாடையில் வழிவதைப் பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னால்தான் துடைப்பேன். அப்புறம் எறும்பு ஊறுவது போலக் குறுகுறுத்து, மெல்ல உணர்வு வந்தது. உங்கள் தொழிலை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தஞ்சை_நாயனம்:
ஸ்கேன் எடுத்துவிட்டேன் அக்கா. வேர் குழாயை ஒட்டியே இருக்கிறது, நடுவில் எலும்பு இல்லை. கொரோனெக்டமிதான் என்றார். ஆவணி முகூர்த்தங்களை முடித்துக்கொண்டு புரட்டாசியில் போகிறேன்.