மறுமொழி: முகவரிப் பட்டியல் ‘உச்சவரம்பு’

வணக்கம். மென்பொருள் தமிழாக்கத்தில், ஒரு மின்னஞ்சல் முகவரிப் பட்டியல் எவ்வளவு கொள்ளும் என்ற எல்லைக்கு என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு இது பதில். வந்த யோசனை:

> ‘உறுப்பினர் உச்சவரம்பு’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். அதைப் படித்ததும் ‘எத்தனை பேர்?’ என்றுதான் கேட்கத் தோன்றும். மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் 2003, 2007 போன்ற பழைய பதிப்புகளில் அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. ஒருவருக்கு 90 பேரைத் தாண்டாது. பக்கத்து மேசைக்காரர் 150 பேரைச் சேர்த்து வைத்திருப்பார்.

அங்கே பயனர் தனக்கென உருவாக்கும் பட்டியல் முழுவதும் ஒரே உருப்படியாகச் சேமிக்கப்படுகிறது. உறுப்பினர் விவரம் 15,000 பைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். ஓர் உறுப்பினருக்குத் தலைப்பகுதி 24 பைட். பிறகு பெயர், ‘எஸ்எம்டிபி’ (SMTP) என்ற 4 எழுத்து முகவரி வகைக்குறி, மின்னஞ்சல் முகவரி என்று மூன்று எழுத்துச் சரங்கள். அங்கே பயன்படும் யுனிகோடு வடிவில் (UTF-16) ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 2 பைட், ஒவ்வொரு சரத்தின் கடைசியிலும் இன்னொரு 2. பெயர் 10 எழுத்து, முகவரி 15 எழுத்து என்றால் 88 பைட். ஏறக்குறைய 170 பேர் பிடிக்கும். பெயர் 30, முகவரி 35 என்றால் 168 பைட். 89 பேரோடு சரி. பெயரைத் தமிழில் இட்டால் இன்னும் வேடிக்கை. ‘னி’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு, 4 பைட். ‘ஸ்ரீ’ மட்டுமே 8 பைட் தின்னும். வேங்கடசுப்பிரமணியன்கள் நிறைந்த அலுவலகத்தில் பட்டியல் சீக்கிரம் திணறும்!

ஆகவே என் பரிந்துரை: ‘பட்டியல் கொள்ளளவு’. அணை நீர்மட்டச் செய்தியில் தினமும் புழங்கும் சொல், விளக்கம் தேவையில்லை. இலங்கைப் பாடநூல்களில் மின்னியலுக்கு ‘கொள்ளளவம்’ (கெப்பாசிட்டன்ஸ்), ‘கொள்ளளவி’ (கெப்பாசிட்டர்) இருக்கின்றனவே என்றால், ஈறு வேறு, இடமும் வேறு, குழம்பாது.

‘வரம்பு’ என்பதை ஆள் எண்ணிக்கைக்கு விட்டுவைப்போம். ஒரு மடலுக்குக் குறைந்தது 100 பெறுநரையாவது வழங்கி (சர்வர்) ஏற்க வேண்டும் என்று 2008-இல் வந்த மின்னஞ்சல் நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. அது தலையை எண்ணும் கணக்கு. அங்கே ‘பெறுநர் வரம்பு’ பொருந்தும்.

கூடவே ‘உட்பட்டியல்’ என்ற சொல்லும் வேண்டும். பெரிய பட்டியலைச் சிறியவையாகப் பிரித்து, அவற்றையே தாய்ப்பட்டியலில் உறுப்பினராகச் சேர்ப்பதுதான் அந்தக் காலத்து வழக்கமான தப்பும் வழி. பிழைச்செய்தி இப்படி அமையலாம்:

“பட்டியலின் கொள்ளளவு நிரம்பிவிட்டது. உட்பட்டியல்களாகப் பிரிக்கவும்.”

‘நிரம்பிவிட்டது’ பேச்சுநடையாகப் பட்டால் ‘நிரம்பியது’ என்றும் வைக்கலாம். எனக்கு முதலாவதே பிடிக்கிறது.