லிஸ்ட் டயலாக்: 'உரையாடல் பெட்டி' பொருந்துகிறதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆண்ட்ராய்டு நிரலாக்கம் பற்றி எழுதிவரும் தொடரில் டயலாக் (திரையில் மேலெழுந்து நம் பதிலைக் கேட்கும் சிறு பெட்டி) வரும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். அதற்கு 'உரையாடல் பெட்டி' பல காலமாகப் புழங்கும் சொல். "கோப்பை அழிக்கவா?" என்று கேட்டு, ஆம், இல்லை என இரண்டு பொத்தான்களை நீட்டினால் அது உரையாடல்தான், சரி. அதே பெட்டிக்குள் இருபது மொழிகளின் பட்டியலை வைத்து ஒன்றைத் தொடச் சொன்னால்? அங்கே பேச்சே இல்லை, தெரிவு மட்டும்தான்.

ஆண்ட்ராய்டும் இரண்டையும் ஒன்றாக வைப்பதில்லை. அலர்ட் டயலாக் என்ற ஆயத்த டயலாக் வகையில் செய்தியும் பட்டியலும் ஒரே உள்ளடக்கப் பகுதியில்தான் உட்கார வேண்டும். இரண்டையும் கொடுத்தால் செய்தி நிற்கும், பட்டியல் காணாமல் போகும். (இது தெரியாமல், பட்டியலின் வரிகளை நிரப்பித் தரும் நிரல்பகுதியான அடாப்டரில்தான் பிழை என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.) கேள்வியைத் தலைப்பில்தான் வைக்க வேண்டும்.

முதலில் 'தேர்வுப்பெட்டி' என்று எழுதிப் பார்த்தேன். அது செக்பாக்ஸுக்கு (டிக் போடும் சிறு கட்டத்துக்கு) போய்விட்ட சொல். பல தெரிவுகளை அனுமதிக்கும் டயலாக்கில் வரிக்கு ஒரு செக்பாக்ஸ் இருக்கும். 'தேர்வுப்பெட்டிக்குள் பத்துத் தேர்வுப்பெட்டிகள்' என்று எழுத நேரும். ஆகவே 'தெரிவுச்சாளரம்'. உருபு சேர்த்தாலும் நாக்கு இடறவில்லை: தெரிவுச்சாளரத்தை மூடு, தெரிவுச்சாளரத்தில் காட்டு.

அப்புறம் கஸ்டம் லிஸ்ட் டயலாக். கஸ்டமுக்குச் சொல்லும் 'தனிப்பயன்' எனக்கு ஒட்டவில்லை. வரிதோறும் ஒரு படமும் இரண்டு வரி எழுத்தும் வேண்டுமென்று நாமே லேஅவுட் (எது எங்கே வர வேண்டும் என்ற அமைப்பு) எழுதி, அடாப்டர் வழியாக நிரப்புகிறோம். பயன் அதேதான், வடிவம்தான் நம்முடையது. 'தன்வடிவத் தெரிவுச்சாளரம்' எனலாமா? அடாப்டரை அடாப்டர் என்றே விட்டுவிட்டேன், ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும்.

*

ஐயா, 'தெரிவு' பிடித்திருக்கிறது. 'சாளரம்' இடிக்கிறது. அது விண்டோவுக்கு உரிய சொல். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு டயலாக்குக்கும் உள்ளே ஒரு விண்டோ உண்டு. அகலத்தை மாற்ற வேண்டுமென்றால் அதைத்தான் கேட்டு வாங்குகிறோம். 'தெரிவுச்சாளரத்தின் சாளரம்' என்று எழுதுவீர்களா? செக்பாக்ஸுக்கு நீங்கள் சொன்ன அதே காரணம்தான். 'தெரிவுப்பலகை' என்றால் என்ன? விசைப்பலகையோடு குழம்பாது.

*

அடடா, என் கயிற்றாலேயே என்னைக் கட்டிவிட்டீர்கள். 'தெரிவுப்பலகை' என்றே திருத்திவிடுகிறேன். 'தன்வடிவம்' பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?