ஃபேன் தியரி, கான்ஸ்பிரசி தியரி: ‘கோட்பாடு’ வேண்டாம், ‘முடிச்சு’ போதும்

எல்லாருக்கும் வணக்கம்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடி ஐயா தொடங்கிவைத்த இழையில் ‘ஃபேன் தியரி’க்கு, அதாவது ஒரு படத்தையோ கதையையோ பற்றி ரசிகர்கள் தாங்களே கட்டிச் சொல்கிற விளக்கத்துக்கு, ரசிகர் கோட்பாடு, ரசிகர் கருதுகோள், ரசிக ஊகம் என்று மூன்று வந்திருக்கின்றன. ‘கான்ஸ்பிரசி தியரி’க்கு சதிக்கோட்பாடு என்பது பத்திரிகைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் படித்தேன். கோட்பாடு என்ற சொல் வரும் இடமெல்லாம் எனக்கு நெருடுகிறது. சார்பியல் கோட்பாடு, பரிணாமக் கோட்பாடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம்; அதே சொல்லை எடுத்து, நிலாவுக்கு யாருமே போகவில்லை, எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்தது என்று சொல்பவருக்கும் கொடுத்தால், கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒரே தரம் என்றுதானே தோன்றும்? ஆங்கிலத்தில் தியரி என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் பார்த்து அங்கேயே குழப்பம் கிடக்கிறது, அதை நாம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் போன சனிக்கிழமை. சேலம் பக்கத்தில் கன்னங்குறிச்சியில் பிள்ளைகளைச் சேர்த்து வாரக்கடைசியில் சினிமா பற்றிப் பேசுகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். அன்றைக்கு 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படம். பாலைவனத்தில் பாந்தா என்று ஒரு மிருகம் வரும், உடம்பெல்லாம் சடைசடையாக மயிர், சுருண்ட கொம்பு. படத்தை அந்த இடத்தில் நிறுத்தி, இது நிஜ யானை, மார்ஜி என்ற பெண் யானைக்கு வேஷம் கட்டி கலிபோர்னியாவின் டெத் வேலியில் நடக்கவிட்டு எடுத்தார்கள் என்று சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த எட்டாம் வகுப்புப் பெண் எழுந்து, “சார், போன மாசம் நம்மூர்ப் படத்துலயும் யானைக்கு மயிர் போர்த்துனாங்கன்னு சொன்னீங்களே” என்றாள்.

சொல்லியிருந்தேன்தான். ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிற அந்த வளைவுக்குப் பின்னால் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததே, டி.ஆர்.சுந்தரம் நடத்தியது, அவர்கள் 1952-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்று ஒரு படம் எடுத்தார்கள், தமிழில் ‘காடு’. காட்டு யானைகள் ஏன் மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன என்று தேடிப் போகிறவர்கள், அழிந்துபோனதாக நினைத்த மாமத் யானைகளைப் பார்க்கிற கதை. மாமத்தாக வந்தவை மயிர் போர்த்திய நம் யானைகள்.

கரும்பலகையில் 1952 என்று எழுதி, கீழே 1977 என்றும் எழுதினேன். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் பற்றிக்கொண்டது. சேலத்துப் படத்தைப் பார்த்துத்தான் ஸ்டார் வார்ஸ் எடுத்த ஜார்ஜ் லூகாஸ் யானைக்கு வேஷம் போட்டார்! இன்னொரு பையன், வில்லன் கூட்டத்து ‘டை ஃபைட்டர்’ விமானங்கள் பாய்ந்து வரும்போது கேட்கிற அலறலும் யானைப் பிளிறல்தான் என்று எங்கேயோ படித்ததைக் கொண்டுவந்து சேர்த்தான். அதுவும் உண்மை, ஒலியமைப்பாளர் பென் பர்ட் யானைப் பிளிறலையும் ஈரத் தார்ச்சாலையில் கார் ஓடும் சத்தத்தையும் கலந்துதான் அதைச் செய்தார். ஆக மூன்று யானை, மூன்றும் நிஜம். மூன்றையும் சேர்த்துக் கட்டிய கயிறு மட்டும் பிள்ளைகளுடையது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலத்தில் சடை விழுந்த பெரிய மிருகம் வேண்டுமென்றால் யானைக்குப் போர்த்துவது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை, கலிபோர்னியாக்காரருக்கு அது சேலத்திலிருந்துதான் போக வேண்டும் என்று இல்லை.

அந்தக் கயிற்றுக்குத்தான் பெயர் தேடுகிறோம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று நம் வீடுகளில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, இரண்டும் நிஜம், முடிச்சு மட்டும் நாம் போட்டது. எனவே என் பரிந்துரை:

ஃபேன் தியரி – ரசிக முடிச்சு
கான்ஸ்பிரசி தியரி – சதி முடிச்சு

நாடகத்திலும் நாவலிலும் ‘கதை முடிச்சு’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. கதை முடிச்சு எழுதியவர் போட்டது, ரசிக முடிச்சு பார்த்தவர் போட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது பொருள் தானே விளங்குகிறது, விளக்கக் குறிப்புத் தேவையில்லை.

ஐயா எழுதியிருந்தது:
> தாக்கம் வேறு, ஊகம் வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் போடக்கூடாது.

முழுக்கச் சரி. அகிரா குரோசாவாவின் 1958 படமான ‘ஹிடன் ஃபோர்ட்ரஸ்’ கதையை அடிமட்ட ஆட்கள் இரண்டு பேர் கண்வழியாகச் சொல்லும். அதிலிருந்துதான் தன் இரண்டு ரோபோக்கள் வந்தன என்று லூகாஸே சொல்லியிருக்கிறார். ஜோசப் கேம்பல் 1949-இல் எழுதிய தொன்ம ஆய்வு நூலும் அப்படித்தான். துனிசியாவில் தத்தவீன் என்று ஓர் ஊர் இருக்கிறது, படத்தில் டாட்டூயின் கிரகம். இவையெல்லாம் ஊற்று. முடிச்சு இல்லை.

எங்கே முடிச்சு விழுகிறது என்று பாருங்கள். டச்சு மொழியில் ‘வாடர்’ என்றால் அப்பா. அதனால் ஸ்டார் வார்ஸ் வில்லனுக்கு டார்த் வேடர் என்று பெயர் வைத்தபோதே அவன்தான் நாயகனின் அப்பா என்று லூகாஸ் ஒளித்து வைத்துவிட்டார் என்று இணையம் முழுக்கச் சொல்கிறார்கள். 1974-இல் எழுதிய முதல் வரைவிலேயே அந்தப் பெயர் இருக்கிறது, ஆனால் அங்கே அவன் ஒரு சாதாரணத் தளபதி, யாருக்கும் அப்பா இல்லை. இரண்டாவது படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிய முதல் திரைக்கதையில் நாயகனின் அப்பா ஆவியாகத் தனியே வருகிறார், வேடர் வேறு ஆள். 1978-இல் பிராக்கெட் இறந்த பிறகு லூகாஸ் உட்கார்ந்து மாற்றி எழுதும்போதுதான் இருவரும் ஒருவர் ஆகிறார்கள். பெயர் முதலில், அப்பா பிறகு. அவ்வளவு அழகான முடிச்சு, இழுத்ததும் பிரிந்து வந்துவிடுகிறது!

ஆனால் ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இரண்டாவது படத்தில் நிஜமாகவே ஒரு ரகசியம் இருந்தது. ‘உன் அப்பா நான்தான்’ என்கிற காட்சியைப் படமாக்கியபோது வேடரின் முகமூடிக்குள் இருந்த டேவிட் பிரௌஸிடம் வேறு வசனம்தான் கொடுத்தார்கள், உன் அப்பாவைக் கொன்றது (நாயகனின் குருவான) ஓபி-வான் என்று. நிஜ வசனத்தைப் பிறகு ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் பேசிச் சேர்த்தார். 1980-இல் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அது இடி. ஒரு தடவை அப்படி ஒரு கதவு திறந்ததைப் பார்த்தவர், மற்ற சுவர்களையும் தட்டிப் பார்க்கத்தான் செய்வார். 2015-இல் ஒருவர், 1999-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் தடுமாறி விழுந்துகொண்டே இருக்கிற ஜார் ஜார் என்கிற கோமாளிதான் உண்மையான வில்லன், அந்தத் தடுமாற்றம் சீனக் குடிகாரச் சண்டைக்கலை என்று காட்சி காட்சியாக எடுத்துவைத்து எழுதினாரே, தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. அதற்கு ‘ஊகம்’ என்று பெயர் வைத்தால் அந்த உழைப்பு காணாமல் போகிறது. முடிச்சு என்றால் கை வேலை தெரிகிறது.

சதி முடிச்சு வேறு ரகம். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படம் 1968-இல் வந்தது, அப்போலோ 11 நிலாவில் இறங்கியது 1969 ஜூலை. இரண்டு நிஜம், நடுவில் ஒரு கயிறு: நிலாக் காட்சிகளை எடுத்துக் கொடுத்ததே குப்ரிக்தான். 2002-இல் பிரான்சில் இதை வைத்து வேண்டுமென்றே ஒரு பொய் ஆவணப்படம் எடுத்து, கடைசியில் பொய் என்று காட்டவும் செய்தார்கள். அந்தக் கடைசியை வெட்டிவிட்டு மீதியை மெய் என்று பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் வைமானிக சாஸ்திரம்: வேதகால விமான நூல் என்கிறார்கள், 1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஐந்து பேர் படித்துப் பார்த்து, அது 1904-க்கு முந்தையது அல்ல, அதில் சொன்ன எதுவும் பறக்காது என்று எழுதினார்கள். சீவக சிந்தாமணியின் பறக்கும் மயிற்பொறியும், உதயணனைப் பிடிக்க ஆட்களை உள்ளே ஒளித்து அனுப்பிய எந்திர யானையும் எனக்கு உயிர். உதயணன் கதை நம் கொங்குவேளிர் பாடியது. கொல்லிமலைப் பாவையைப் பூதம் செய்தது என்கிறது நற்றிணை. அந்தக் கற்பனை நமக்கு இருந்ததே பெரிய சொத்து, அதை ரோபோ செய்ததற்கான சான்றாக்கினால் கவிதையும் போகிறது, சான்றும் நிற்பதில்லை.

போகிற போக்கில் ஒன்று: ‘ஸ்பேஸ் ஃபேன்டசி’க்கு விண்வெளிக் கனவுருப்புனைவு வேண்டாம், வாயில் நுழையவில்லை. லூகாஸ் தன் படத்தை அறிவியல் புனைவு என்று சொல்ல விரும்பவில்லை, அறிவியலை மறந்துவிட்டு எடுத்தேன் என்றார். விண்மாயக்கதை என்று வைத்துக்கொள்ளலாம். வேற்றுக் கிரகத்தார் பானுமதியைப் பாட்டுக்காகத் தூக்கிப் போகிற நம் ‘கலை அரசி’யும் (1963) அதில் சரியாக உட்காரும்.

– கன்னங்குறிச்சியிலிருந்து

*

தம்பி, முடிச்சு பிடித்திருக்கிறது. இரண்டு சந்தேகம்.

ஒன்று, முடிச்சு என்றால் அவிழ்க்கிறவர் வேண்டும். அவருக்கு என்ன பெயர்? முடிச்சவிழ்ப்பவர் என்றால் ஊரில் முடிச்சவிக்கி என்றுதான் காதில் விழும், அது வசவு. பொய்யை எடுத்துக் காட்டுகிறவருக்கு ஜேப்படித் திருடன் பெயரா?

இரண்டாவது எனக்கு முக்கியம். நான் மலையில் இருப்பவள். சேர்வராயன் கோயில் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று இங்கே சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்வராயன், கொல்லி, பச்சை என்று மலைக்கு ஒருவராகப் போனார்கள் என்பது இந்த மலை மக்களின் பிறப்புக் கதை. நாளைக்கு யாராவது இந்தச் சொல்லை எடுத்துவந்து இதையும் முடிச்சு என்று ஒதுக்கினால் எனக்கு மனசு தாங்காது.

– ஏற்காட்டிலிருந்து

*

அக்கா, முதலாவது எனக்குத் தோன்றவே இல்லை, நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. அவிழ்ப்பதை விட்டுவிடுவோம். சிக்கு விழுந்த நூலைப் பிரிக்கிறோம் இல்லையா, அதுபோல ‘முடிச்சுப் பிரித்தல்’, செய்கிறவர் ‘முடிச்சுப் பிரிப்பவர்’. தறிக்காரர் வீடுகளில் நூலைப் பிரிப்பது மரியாதையான வேலை.

இரண்டாவதற்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆனது. மூன்று சகோதரர் கதையை ஒரு முடிச்சு என்று நானும் சொல்ல மாட்டேன். அது ஐதிகம். ஐதிகத்தில் மக்கள் தங்களையே வைத்துச் சொல்கிறார்கள், நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம், மூன்று மலைக்கும் என்ன உறவு என்று. அதை ஒருவர் உட்கார்ந்து கட்டவில்லை. சதி முடிச்சிலோ, யாரோ ஒருவர் நம்மிடம் மறைக்கிறார் என்ற குற்றச்சாட்டு கட்டாயம் இருக்கும். குப்ரிக் மறைத்தார், நாசா மறைத்தது. சேர்வராயன் குகை யார் மேலும் பழி போடவில்லை. ரசிக முடிச்சிலும் பழி இல்லைதான், ஆனால் அங்கே வேறொருவர் எழுதிய கதை ஒன்று முன்னால் இருக்கிறது, அதன்மேல்தான் முடிச்சு விழுகிறது. ஆகவே பட்டியலில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்:

ரசிக முடிச்சு: ஒரு கதையில் உள்ள, அல்லது அதைச் சுற்றியுள்ள உண்மையான குறிப்புகளை, எழுதியவர் சொல்லாத தொடர்பால் ரசிகர் இணைப்பது.
சதி முடிச்சு: நடந்தவற்றை, யாரோ மறைக்கிறார்கள் என்ற தொடர்பால் சான்றின்றி இணைப்பது. ஐதிகம், தலபுராணம், குலக்கதை ஆகியவற்றுக்கு இச்சொல் பொருந்தாது.

கடைசி வரியை உங்களுக்காக மட்டும் சேர்க்கவில்லை அக்கா, அது இல்லாவிட்டால் வரையறையே தப்பு.

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் நேற்று இந்தச் சொல்லைச் சொன்னேன். கரும்பலகையில் 1952-க்கும் 1977-க்கும் நடுவே தானே ஒரு கோடு போட்டு, அதன்மேல் ‘ரசிக முடிச்சு’ என்று எழுதிவிட்டு, “இதை நாங்க போட்டதுன்னு எழுதணுமா சார்?” என்று கேட்டாள். எழுதச் சொன்னேன்.

ஐயாவுக்கு ஒரு கேள்வி மிச்சம். 1977 படத்தில் உன் அப்பாவை வேடர் கொன்றுவிட்டான் என்று நாயகனிடம் சொல்கிற பெரியவர் ஓபி-வான், 1983 படத்தில் அது ஒரு பார்வையில் உண்மைதான் என்று சமாளிப்பார். கதையைப் பின்னால் மாற்றிவிட்டு முன்னால் சொன்னதைப் புதுப் பொருளில் திருப்பி வைப்பதை ‘ரெட்கான்’ என்கிறார்கள். எனக்கு ‘ஒட்டுத்தையல்’ வரை வந்திருக்கிறது, திருப்தி இல்லை. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

– கன்னங்குறிச்சியிலிருந்து