மூணாவது பாட்டுக்கு முன்னாடி வர்ற அந்தச் சத்தம்

கதவோரம்: நம்ம பசங்க பேண்டோட புது ஆல்பம் வந்து பத்து நாள் ஆச்சு. முதல் தடவை எங்க கேட்டீங்க, எப்படி இருந்துச்சு, எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

பீச்–தாம்பரம் லோக்கல், ராத்திரி ஒன்பதரை. முதல் ரெண்டு பாட்டு சைதாப்பேட்டை வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கிடார் பிரமாதம். மூணாவது ஆரம்பிச்சதும் காதுல படபட, சரசரன்னு ஒரு சத்தம். ஒயர் போச்சுடான்னு பின்னைத் திருகிப் பார்த்தேன், கழட்டி மாட்டினேன். நாற்பது செகண்ட் கழிச்சுப் பறை விழுந்தப்பதான் ஒயர் மேல தப்பில்லன்னு புரிஞ்சுது. நிமிர்ந்தா கிண்டி. அது என்ன சத்தம்னு யாருக்காவது தெரியுமா?

மாடிவீடு: எனக்கு மழைன்னு தோணுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், அம்மா "அடுப்புல என்னடி தீயுது"ன்னு சமையல்கட்டுக்கு ஓடிட்டாங்க. (சிடியும் வாங்கி வெச்சிருக்கேன். போட்டுக் கேக்க வீட்டுல ஒரு டிரைவ் கிடையாது. அட்டை அழகா இருக்கு.)

பெரம்பூர் பேஸ்: பழைய ரிக்கார்டு தேயுற சத்தத்தை வேணும்னே சேர்க்குறது ஒரு ஃபேஷன், இதுவும் அதான். முதல் ஆல்பத்துல இருந்த கோபம் இதுல பாதிதான். குரலை எதுக்கு அவ்வளவு பின்னால தள்ளினாங்க? பறையும் எலக்ட்ரிக் கிடாரும் சேர்றது ஒண்ணும் புதுசு இல்ல. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்ட் முதல் மேடை ஏறினப்ப கூட்டத்துல நின்னு கேட்டவன் நான்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். ஸ்பாட்டிஃபைல முப்பது செகண்ட் ஓடினாத்தான் ஒரு பிளேன்னு கணக்கு. அப்படியிருக்க நாற்பது செகண்ட் வெறும் சத்தத்தை முன்னால வெக்க தைரியம் வேணும். அப்புறம், போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு பேஸ் இல்லன்னு புலம்புறவங்களே, அந்தத் துக்கடா ஸ்பீக்கர்ல பேஸ் எப்படி வரும்?

வெளியே நின்னவன்: அது ரிக்கார்டு தேயுற சத்தம் இல்லண்ணே.

போன சனிக்கிழமை ஆழ்வார்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஹால்ல அவங்க ஷோ. இடைவேளையில போன் வந்துச்சுன்னு பின்பக்கம் போனேன். பைக் நிறுத்துற இடத்துல பறை வாசிக்கிறவர் குத்துக்கால் போட்டு உக்காந்து, பழைய பேப்பரைக் கொளுத்தி பறையைச் சுத்திச் சுத்திக் காட்டிட்டு இருந்தார். "தோலு ஈரம் குடிச்சிருச்சு தம்பி, கடல் காத்து"ன்னார். விரலால ஒரு சுண்டு சுண்டினார், தொப்புன்னுச்சு. இன்னும் ரெண்டு பேப்பர். மறுபடி சுண்டினார், டங்குன்னு சுவத்துல பட்டுத் திரும்புச்சு. அதுக்குள்ள வாட்ச்மேன் வந்து இங்க நெருப்பெல்லாம் கூடாதுன்னு சத்தம் போட்டார். இவர் பதிலே பேசல, காலால மிதிச்சு அணைச்சார்.

ரெக்கார்டிங் அன்னிக்கும் மொட்டை மாடியில இப்படிக் காய்ச்சிட்டு இருந்தாராம். பாடுற பையன் மைக்கைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல வெச்சிருக்கான். "எதுக்குடா இதுன்னேன். சும்மா இருங்கண்ணேன்னுட்டான்"னு சிரிச்சார். அப்புறம் பறை அடிக்கிற சிம்புக் குச்சியைத் துண்டால தொடச்சுக்கிட்டே, "எங்கப்பா சாவு வீட்டு வாசல்ல காய்ச்சுனா மூக்கைப் பொத்திக்கிட்டு சுத்திப் போவாங்க. நீங்க காசு குடுத்துக் கேக்குறீங்க"ன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. டீ சாப்பிடலாமாண்ணேன்னு கேட்டேன். வாசிச்சுட்டு வர்றேன்னுட்டு உள்ள போயிட்டார்.

பெரம்பூர் பேஸ்: சரிப்பா. ஃபேஷன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். குரல் பின்னால இருக்குன்னு சொன்னதை மட்டும் வாங்க மாட்டேன்.

மாடிவீடு: அம்மாகிட்ட சொன்னேன். "அதான் அன்னிக்கே தீயுதுன்னேனே"ன்றாங்க.

கதவோரம்: இப்ப மறுபடி போட்டுக் கேட்டேன். பறை விழுறதுக்குக் கொஞ்சம் முன்னால யாரோ மெதுவா இருமுறாங்க. அவரா?

வெளியே நின்னவன்: அவர்தான். புகை.